தேவை அலுமாரியும் நன்றி அலுமாரியும்

ஓய்வு பெற்றுப் போன ஒருவனை அலுவலகம் மறுபடியும் கூப்பிடுகிறதென்றால் இரண்டே காரணம்தான் இருக்கும். ஏதாவதொரு சாவி காணாமற் போயிருக்கும். அல்லது யாரோ ‘அனுபவப் பகிர்வு’ கேட்டிருப்பார்கள். எனக்கு வந்தது இரண்டாவது. தொலைபேசியில் பேசிய பிள்ளை தன்னைச் சமூக ஈடுபாட்டு அலுவலர் என்று அறிமுகப்படுத்திக்கொண்டாள். நான் வேலை பார்த்த காலத்தில் அப்படியொரு பதவி எங்கள் சங்கத்தில் இருக்கவில்லை. ஈடுபாடு இருந்ததா என்பது வேறு கேள்வி.

“சேர், பழைய ஆவணங்கள வச்சு சனங்களோட எப்பிடி வேலை செஞ்சீங்கன்னு ஒரு பத்து நிமிஷம் பேசணும். கொஞ்சம் பொசிட்டிவா இருந்தா நல்லம்.”

பேச்சு எனக்கு வராது, எழுதித் தருகிறேன் என்றேன். எழுதிக் கொடுத்தேன். வாசித்துவிட்டு அவள் மறுபடி கூப்பிடவில்லை. அதனால் அது இப்போது உங்களிடம் வந்திருக்கிறது.

எங்கள் சங்கம் கண்டியைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பால்மாவும் போர்வையும் மருந்தும் கொடுக்கவென்று வெள்ளைக்காரச் சீமாட்டிகள் சிலர் தொடங்கியது. தேயிலையைப் பறித்தவர்களுக்கு ஒழுங்கான சம்பளம் கொடுத்திருந்தால் இவ்வளவு போர்வை தேவைப்பட்டிராது என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லைப் போலும். சீமாட்டிகள் கப்பலேறிய பிறகு நகரத்துப் பெரிய மனிதர்கள் சங்கத்தைப் பொறுப்பேற்றார்கள். கொடுக்கும் பொருள் குறைந்துகொண்டே வந்தது. கொடுப்பதைப் படம் எடுக்கும் வழக்கம் மட்டும் குறையவில்லை.

நான் கண்டிக்குப் பக்கத்துக் கட்டுகஸ்தோட்டைக்காரன். உயர்தரப் பரீட்சை முடித்ததும் வாப்பாவின் சில்லறைக் கடையில் நிற்க மனமில்லாமல் சங்கத்தில் எழுதுவினைஞனாகச் சேர்ந்தேன். மூன்று மொழியும் வாசிப்பேன் என்பதற்காக என்னைப் பழைய கடதாசி அறைக்குள் தள்ளினார்கள். கொழும்புக்கு அனுப்பிச் சில கிழமைகள் பயிற்சியும் கொடுத்தார்கள். அங்கே கற்றதில் இன்றும் நினைவில் நிற்பவை இரண்டு விதிகள். பழைய பதிவில் ஒரு எழுத்தையும் மாற்றாதே என்பது ஒன்று. எது எந்த ஒழுங்கில் உண்டானதோ அந்த ஒழுங்கைக் குலைக்காதே, உன் வசதிக்கு மாற்றி அடுக்காதே என்பது மற்றது. மூன்றாவதும் ஒன்று இருந்தது, கடதாசிக்குப் பக்கத்தில் தேநீர் குடிக்காதே என்று. அதை அந்தப் பயிற்சி நடத்தியவரே கடைப்பிடிக்கவில்லை.

வேலை என்னவென்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். காலையில் கதவைத் திறந்ததும் முதலில் மூக்கால்தான் வேலை. கண்டி மழைக்கு ஒரு வாரம் அசட்டையாக இருந்தால் பூஞ்சணம் பிடித்துவிடும். பிடித்தால் கண்ணுக்குத் தெரியுமுன்பே வாசம் காட்டிவிடும். அந்தப் பெட்டியைத் தனியாக எடுத்து, மழையில்லாத நாளில் வெயில் படாத காற்றில் விரித்து வைக்க வேண்டும். துருப்பிடித்த குண்டூசியை ஒருபோதும் இழுக்கக் கூடாது. கடதாசியைக் கவிழ்த்து வைத்து, ஊசிக்கும் கடதாசிக்கும் இடையில் மெல்லிய மூங்கில் சிராயைச் செருகி, கடதாசியைத்தான் ஊசியிலிருந்து விலக்க வேண்டும். படத்தை விளிம்பில் பிடிக்க வேண்டும். தூசியை நடுவிலிருந்து வெளியே தள்ள வேண்டும். பின்பக்கம் எழுதுவதானால் கண்ணாடிப் பலகையில் கவிழ்த்து, மென்மையான பென்சிலால் ஓரத்தில் மட்டும் எழுத வேண்டும். இவ்வளவு பக்குவமாகப் பாதுகாத்தது எதை என்று கேட்டால்தான் எனக்குச் சிரிப்பு வரும்.

அறையில் இரண்டு பெரிய அலுமாரிகள் இருந்தன. ஒன்றின் நெற்றியில் ‘தேவை’ என்றும் மற்றதில் ‘நன்றி’ என்றும் எழுதியிருந்தது. மெலிந்த, அழுத, மூக்கொழுகிய பிள்ளைகளின் படங்கள் தேவை அலுமாரியில். குளித்து, தலைசீவி, கையில் பால் கோப்பையுடன் சிரித்த பிள்ளைகள் நன்றி அலுமாரியில். அழாமலும் சிரிக்காமலும் சும்மா கமராவைப் பார்த்துக்கொண்டு நின்ற பிள்ளைகளை என்ன செய்வது என்று சீமாட்டிகளுக்கு விளங்கவில்லை. அவற்றையும் நெகட்டிவ் சுருள்களையும் சேர்த்து ஒரு தகரப் பெட்டியில் போட்டு மூலையில் தள்ளியிருந்தார்கள். அலுமாரிக்குள்ளே படங்கள் பெயர் வரிசைப்படி இருந்தன. பிள்ளைகளின் பெயர் வரிசையென்று நினைத்துவிடாதீர்கள். கொடுத்தவர்களின் பெயர் வரிசை.

அந்த அறைக்கு மவுசு வந்தது யோகேஸ்வரி மிஸ் பணிப்பாளராக வந்த பிறகுதான். யாழ்ப்பாணத்தவர். கெட்டிக்காரி, அதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை. வந்த முதல் கிழமையே என் அறைக்குள் நுழைந்து, மூக்கைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு சுற்றிப் பார்த்தார்.

“ஜமால், இது பொக்கிஷமெல்லே. இதை ஏன் பூட்டி வச்சிருக்கிறியள்? சனத்திட்டக் கொண்டு போவம்.”

மிஸ்ஸிடம் சில வழக்கங்கள் உண்டு. எதற்கும் ‘இல்லை’ என்று சொல்ல மாட்டார். இஞ்சி போட்ட பிளேன்ரீ, அதாவது பாலில்லாத் தேநீர், வரவழைப்பார். நாம் சொல்வதை முழுவதும் கேட்பார், நடுநடுவே தலையாட்டுவார். கடைசியில் “நல்ல கருத்து, பதிஞ்சு வைப்பம்” என்பார். அத்தோடு அந்தக் கருத்தின் ஜனாஸா முடிந்து அடக்கமும் ஆயிற்று என்று அர்த்தம். கூட்டங்களில் “நீங்கள் எல்லாரும் என்ன நினைக்கிறியள்?” என்று கேட்டுவிட்டு, யாரும் வாய் திறக்குமுன் வெள்ளைப் பலகையில் எழுதத் தொடங்கிவிடுவார். அவர் எழுதி முடித்துத் திரும்பும்போது நாங்கள் எல்லாரும் அதைத்தான் நினைத்திருப்போம்.

சனத்திடம் முதலில் போனது ஹந்தானைத் தோட்டத்துக்கு. மேலே தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு நடுவிலிருந்த வாசிகசாலையில் பழைய படங்களின் பிரதிகளை மேசைகளில் பரப்பினோம். மிஸ் ஒவ்வொருவர் கையிலும் ஒரு மஞ்சள் துண்டுக் கடதாசி கொடுத்தார். படத்தைப் பார்த்ததும் மனதில் எழும் உணர்வை ஒரே சொல்லில் எழுத வேண்டுமாம். பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு நேரே வந்திருந்த பெண்கள் அந்தத் துண்டை வைத்துக்கொண்டு விழித்தார்கள். ஒருத்தி ‘பசி’ என்று எழுதினாள். மிஸ் அதைத் தூக்கிப் பிடித்து, எவ்வளவு ஆழமான சொல் என்று எல்லாருக்கும் விளக்கினார். எழுதியவள் என் பக்கத்தில் வந்து, அண்ணன் முறையில், “நானா, சாப்பாட்டுப் பார்சல் எப்ப குடுப்பீங்க?” என்று மெதுவாகக் கேட்டாள்.

அவர்கள் உணர்வைத் தேடி வரவில்லை, ஆளைத் தேடி வந்திருந்தார்கள். இது தோட்டத்தில் எந்த டிவிசன், இவள் யார் மகள், பின்னால் நிற்கிற கங்காணி யார் என்றுதான் கேட்டார்கள். ஒரு மனிதர் போர்வை போர்த்திய ஒருவரின் படத்தைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார்.

“இது எங்கப்பா மாதிரி இருக்கு நானா. பேரு ஏதும் போட்டிருக்கா?”

திருப்பிப் பார்த்தேன். போர்வையைக் கொடுத்த சீமாட்டியின் பெயர், அவருடைய கணவனின் பதவி, அவர்களுடைய பங்களாவின் பெயர் எல்லாம் இருந்தன. போர்த்தியிருந்தவரின் பெயர் இல்லை. அந்த மனிதர் படத்தை மேசையில் வைத்துவிட்டுக் கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொண்டு போனார். அன்றைய அறிக்கையில் ‘சமூகம் உற்சாகத்துடன் பங்கேற்றது’ என்று மிஸ் எழுதினார். பார்சல் கொடுத்த நேரத்தைப் பற்றியதென்றால் அது உண்மைதான்.

பிறகு சங்கத்தின் ஆண்டு நிறைவு வந்தது. கண்டி நகரில் ஒரு மண்டபம் எடுத்து ‘மக்களின் நினைவுகள்’ என்று ஒரு கண்காட்சி வைக்கத் தீர்மானம். நுழைவாயிலில் ஆளுயரத்துக்குப் பெருப்பித்து வைக்க மிஸ் தேர்ந்தெடுத்தது சங்கத்தின் மிகப் பிரபலமான ஜோடிப் படத்தை. இடப்பக்கம் கிழிந்த சட்டையுடன், தலை விரிந்து, முகமெல்லாம் மண்ணாக அழும் ஒரு சிறுமி. வலப்பக்கம் அதே சிறுமி, வெள்ளைக் கவுன், எண்ணெய் வைத்து வாரிய தலை, ரிப்பன். இடப்பக்கத்துக்குக் கீழே: ‘உதவிக்கு முன்: தாயின் கவனிப்பின்றிக் கிடந்த குழந்தை.’ வலப்பக்கத்துக்குக் கீழே: ‘உதவிக்குப் பின்: சங்கத்தின் பராமரிப்பில் அதே குழந்தை.’ சங்கத்தின் கலண்டர், உண்டியல், வெளிநாட்டுக்குப் போகும் அட்டை, எல்லாவற்றிலும் இந்தப் பிள்ளைதான் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தாள். நோட்டீஸிலும் அதையே அடித்து ஊரெல்லாம் கொடுத்தார்கள்.

அந்த நோட்டீஸ் ஒன்றை நான்காக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு ஒரு காலை நேரம் ஒரு பெண் என் அறை வாசலில் வந்து நின்றார். அறுபதைத் தாண்டியிருப்பார். புசல்லாவையிலிருந்து பஸ்ஸேறி, குட்ஷெட் பஸ் நிலையத்தில் இறங்கி, விசாரித்து விசாரித்து மேட்டில் ஏறி வந்திருந்தார்.

“நானா, இந்தப் படத்துல இருக்குற புள்ள நான்தான். பேரு புஷ்பராணி.”

எனக்குப் பெரிய சந்தோசம். என் சேவைக் காலம் முழுவதிலும் ஒரு படத்துக்குள்ளிருந்து ஒரு ஆள் எழுந்து வந்து எனக்கு எதிரில் நின்றது அதுதான் முதல் தடவை.

“அப்பிடியா, வாங்க, உக்காருங்க. விவரமெல்லாம் செல்லுங்க, எழுதிக்கொள்றேன்.”

“எழுதுறது அப்புறம் நானா. மொதல்ல இத எறக்கிருங்க.”

கதிரையில் உட்கார்ந்தார். கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல் சொன்னார்.

“அந்த வெள்ளக் கவுனு சங்கம் குடுத்தது இல்ல. எங்கம்மா தச்சது. அப்ப நாங்க ஹந்தானையில இருந்தோம். போட்டோ புடிக்க வாராங்கன்னு மொத நாளே கணக்கப்புள்ள சொல்லிட்டாரு. எங்கம்மா விடியக்காலையிலேயே என்னையக் குளிப்பாட்டி, எண்ண வச்சுச் சீவி, ரிப்பன் கட்டி, தோட்டத்துப் புள்ளைங்கள பாத்துக்குற புள்ளக்காம்பராவுல விட்டுட்டு மலைக்குக் கொழுந்தெடுக்கப் போனாங்க. எம்பொண்ணு போட்டோ ஒண்ணு எனக்கும் குடுங்கன்னு ஆயம்மாகிட்ட சொல்லிட்டுப் போனாங்க. போட்டோக்காரரு ஒண்ணு எடுத்தாரு. கூட வந்த சங்கத்து அம்மாவுக்கு அது புடிக்கல. கவுனக் கழட்டச் சொல்லி, வேற ஒரு பையனோட கிழிஞ்ச சட்டைய மாட்டி, தலைய அவுத்து, மூஞ்சில மண்ணப் பூசி இன்னொண்ணு எடுத்தாங்க. நான் அழுதேன். அதுதான் அவங்களுக்கு வேண்டியிருந்திச்சு.”

“அம்மா ஒண்டும் கேக்கல்லயா?”

“சாயங்காலம் வந்து பாத்துட்டு, மண்ணுல பெரண்டு கவுனக் கெடுத்துட்டேன்னு என்னைய அடிச்சாங்க. நான் சொன்னத நம்பல. வருசப் பொறப்புக்குச் சங்கத்துல லயத்துக்கெல்லாம் கலண்டரு குடுத்தாங்க. அப்பதான் நம்புனாங்க.”

கலண்டர் ஒரு வருடம் லயத்தின் எல்லாக் காம்பராக்களிலும் தொங்கியது. அதற்குப் பிறகு அங்கம்மா, அதுதான் அவருடைய அம்மாவின் பெயர், தண்ணீர்ப் பீலிக்குப் போனாலும் மலைக்குப் போனாலும், யாரோடாவது ஒரு வாய்த்தகராறு வந்தாலும், முதலில் வந்து விழுந்த சொல் ‘புள்ளையக் கவனிக்காதவ’ என்பது.

“தெனமும் என்னையப் பாக்குறவங்கதான் நானா அப்பிடிச் சொன்னாங்க. கலண்டருலேயே போட்டிருக்குன்னாங்க. எங்கம்மா அந்தப் பேரோடயே போய்ச் சேந்துட்டாங்க. நானும் புள்ளக்காம்பராவுல ஆயம்மாவா இருந்துதான் ரிட்டயர் ஆனேன். எத்தனையோ பேரு புள்ளைங்கள வளத்து விட்டிருக்கேன். இப்ப இத கண்டி டவுன்ல ஆளு ஒசரத்துக்கு வச்சீங்கன்னா, பாக்காதவங்களும் எங்கம்மாவ அப்பிடித்தான் நெனைப்பாங்க.”

எனக்குக் கோபம் வந்தது. உதவி செய்யப் போன இடத்தில் ஒரு தாயின் உழைப்பைத் தங்கள் பெயரில் எழுதிக்கொண்டு, தாங்கள் பூசிய மண்ணைத் தாயின் பெயரில் எழுதி வைத்தவர்களை என்னவென்று சொல்வது. மூலையிலிருந்த தகரப் பெட்டியைத் திறந்து அந்தச் சுருளைத் தேடி எடுத்தோம். கையுறை போட்டு, விளிம்பில் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினேன். படச்சுருளின் ஓரத்தில் எடுத்த வரிசைப்படி எண் இருக்கும். வெள்ளைக் கவுன் முதலில் இருந்தது. அழுகை அதற்கு அடுத்து. இரண்டு படமும் இரண்டு அலுமாரியில் பிரிந்து கிடந்ததால் எது முந்தியது என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

மிஸ்ஸிடம் போனேன். நான் வாய் திறக்குமுன்பே பிளேன்ரீ வந்துவிட்டது. எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

“ஓம், விளங்குது ஜமால். பாவம் அந்த மனுசி. ஆனா இது ஒரு சரித்திரப் பதிவெல்லே. நீங்கள்தானே எனக்குப் படிப்பிச்சனீங்கள், பழைய பதிவில ஒரு எழுத்தையும் மாத்தக் கூடாதெண்டு.”

“அப்ப படத்தையே வைக்காம விடுவோம் மிஸ்.”

“அதெப்பிடி ஏலும்? அழைப்பிதழ் எல்லாம் அந்தப் படத்தோட அடிச்சாச்சு. பிரதம விருந்தினருக்கும் அதைப் பற்றித்தான் பேச்சு எழுதிக் குடுத்திருக்கு. ஒண்டு செய்வம். அவவை மேடைக்குக் கூப்பிட்டு ஒரு பொன்னாடை போத்துவம். ரெண்டு நிமிஷம் நன்றி சொல்லட்டும். நல்லா இருக்குமெல்லே?”

“அவங்க நன்றி செல்ல வரல்ல மிஸ். அவங்கட உம்மாட கெட்ட பேரத் தொடைக்க வந்தீக்கிறாங்க.”

“நல்ல கருத்து. பதிஞ்சு வைப்பம்.”

வாசலில் காத்திருந்த புஷ்பராணியிடம் இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. பொன்னாடை என்றதும் அவர் சிரித்தார். “எனக்கு மறுபடியும் உடுப்பு குடுக்குறாங்களா?” என்றார். விழாவுக்கு வரச் சொன்னேன். எதற்கு என்று கேட்டார். முன்வரிசையில் உட்காருங்கள், மற்றதை நான் பார்க்கிறேன் என்றேன்.

எனக்கு ஓய்வுக்கு இன்னும் சில மாதங்கள்தான் இருந்தன. அந்தத் துணிவும் சேர்ந்திருக்கலாம். மிஸ் நான் சொன்ன இரண்டு விதிகளில் முதலாவதை மட்டும் மனப்பாடம் செய்திருந்தார். விழாவுக்கு முதல் நாள் பின்னேரம் மண்டபத்துக்குப் போனேன். அச்சகக்காரர்கள் வாசகங்களைச் சுவரில் மும்மொழியிலும் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். இடப்பக்கம் ‘உதவிக்கு முன்’, வலப்பக்கம் ‘உதவிக்குப் பின்’. படங்களை மாட்டுவது என் பொறுப்பு. வாசகத்தில் ஒரு எழுத்தையும் நான் தொடவில்லை. படங்களை மட்டும் எடுக்கப்பட்ட ஒழுங்கில் மாட்டினேன், முதலில் எடுத்தது முதலில், பிறகு எடுத்தது பிறகு. நூல் பிடித்து நேராக இருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டேன்.

மிஸ் வந்து எல்லாவற்றையும் சரி பார்த்தார். குத்துவிளக்கின் திரி, பிரதம விருந்தினரின் பெயர், பூச்சாடி சங்கத்தின் சின்னத்தை மறைக்கிறதா என்பது. படங்களை அவர் பார்க்கவில்லை. அவைதான் அவருக்குத் தெரியுமே.

மறுநாள் பிரதம விருந்தினர் விளக்கேற்றிவிட்டு நுழைவாயில் படத்துக்கு முன்னால் வந்து நின்றார். பெரிய உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், எதையும் உரக்க வாசிக்கும் பழக்கமுள்ளவர். “உதவிக்கு முன். தாயின் கவனிப்பின்றிக் கிடந்த குழந்தை” என்று கணீரென்று வாசித்துவிட்டு நிமிர்ந்தார். எதிரே ஆளுயரத்தில் ரிப்பன் கட்டிய சிறுமி, சுருக்கம் விழாத வெள்ளைக் கவுனில். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு வலப்பக்கம் திரும்பினார். “உதவிக்குப் பின். சங்கத்தின் பராமரிப்பில் அதே குழந்தை.” அங்கே கிழிந்த சட்டை, மண், அழுகை. பின்னால் யாரோ சிரித்து, அதை இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

“இது சரியாத்தான் இருக்கா?” என்று விருந்தினர் மிஸ்ஸைக் கேட்டார்.

மிஸ் கையிலிருந்த அழைப்பிதழை விரித்துப் பார்த்தார். முன்வரிசையிலிருந்து புஷ்பராணி எழுந்து வந்தார்.

“சரியாத்தாங்க சேர் இருக்கு. அந்தக் கவுனு எங்கம்மா தச்சது. இந்த மண்ணு சங்கத்துக்காரங்க பூசுனது.”

மிஸ் என்னைத் தூணுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். “ஜமால், ஆர் இதை மாத்தி மாட்டினது?”

“மாத்தல்ல மிஸ். எடுத்த ஒழுங்குலதான் ஈக்கிது. நெகட்டிவ் பொட்டிக்குள்ள ஈக்கி, பாக்கேலும்.”

அவர் கெட்டிக்காரி என்று முன்பே சொன்னேன். தூணுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தபோது அவர் முகம் தெளிந்திருந்தது. மேடையேறி, தன் கடந்த காலத்தைத் துணிவுடன் மீள்வாசிப்புச் செய்யும் முதலாவது சங்கம் எங்களுடையது என்றும், அதற்காகத்தான் படங்களை இந்த ஒழுங்கில் வைக்கத் ‘தாங்கள்’ முடிவெடுத்ததாகவும் பேசினார். கைதட்டல் வெகுநேரம் ஓயவில்லை. பத்திரிகையில் மிஸ்ஸின் நேர்மையைப் பாராட்டி எழுதினார்கள். சில மாதங்களில் எனக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்து அனுப்பி வைத்தார்கள். மிஸ் இப்போது இன்னும் பெரிய இடத்தில் இருக்கிறார்.

ஆனால் அந்த நாள் கைதட்டலோடு முடிந்துவிடவில்லை. நிகழ்ச்சி நிரலின்படி, பெரிய மனிதர்கள் போன பிறகுதான் சமூகம் வர வேண்டும். பிற்பகலில் ஹந்தானையிலிருந்து ஒரு பஸ் நிறையச் சனம் வந்து இறங்கியது. புஷ்பராணி ஊருக்குத் திரும்பிப் போகாமல் படத்துக்குப் பக்கத்திலேயே நின்றார். சனம் பார்த்தது, ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டியது, திரும்பத் திரும்பப் பார்த்தது. ஒரு முதிய பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். அங்கம்மாவுக்கு அடுத்த காம்பராவில் இருந்தவராம். கவுனின் கழுத்தோரத் தையலை விரலால் தொடாமல் காட்டினார்.

“இது அங்கம்மா தையலுதான். அவ புள்ளைய சுத்தபத்தமாத்தான் வச்சிருந்தா. நாங்க பாத்ததுதானே.”

புஷ்பராணி அவரைத் திரும்பிப் பார்த்தார்.

“பாத்தீங்கள்ல பெரியம்மா. அப்ப அத எங்கம்மா உசுரோட இருக்கையில சொல்லியிருக்கலாம்ல?”

அந்த முதியவர் படத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். வெளியே டிரைவர் இரண்டு தடவை ஹோர்ன் அடித்தார். மற்றவர்கள் ஒவ்வொருவராக நழுவி வெளியேறினார்கள்.

“சொல்லியிருக்கணும்தான்” என்றார் முதியவர்.

பரவாயில்லை என்று புஷ்பராணி சொல்லவில்லை.